மிதிவண்டியில் குவாதலூப்: சிறு செலவில் ஒரு கரீபியத் தீவுப் பயணம்

முன்னுரை

பயண இலக்கியம் பற்றிய வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கடல் கடந்த பயணம் என்பது செல்வர்க்கே உரியதுதானே?" என்று வினவினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனினும் அவ்வினா சிரித்து மறக்கத் தக்கதன்று. இறைவன் படைத்த இப்பூமியைச் சுற்றிப் பார்த்து, முன்னோர் நிலையை எண்ணித் தெளியுமாறு திருமறை மீண்டும் மீண்டும் அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை செல்வர்க்கு மட்டும் கூறப்பட்டதன்று. பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு மதுரை வரை வந்த இப்னு பதூதா, தம் பயணத்தைப் பெருஞ்செல்வத்தோடு தொடங்கியவர் அல்லர்.

அம்மாணவரின் வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரை அமைகிறது. கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் என்னும் தீவை மிதிவண்டியில், அடக்கமான செலவில் சுற்றி வருவது எவ்வாறு என்பதை இது விளக்க முற்படுகிறது. எத்தனையோ தீவுகள் இருக்க, இத்தீவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது கட்டுரையின் பிற்பகுதியில் தானே விளங்கும்.

தீவின் அமைப்பு

குவாதலூப், கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில், வட அகலாங்கு 16 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. 1493-ஆம் ஆண்டு நவம்பரில் கொலம்பஸ் இங்கு வந்து, இசுபானிய நாட்டுத் திருத்தலம் ஒன்றின் பெயரை இதற்குச் சூட்டினார். 1635 முதல் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். 1946-இல் இது பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்டது. எனவே இங்கு வழங்கும் நாணயம் யூரோ, ஆட்சிமொழி பிரெஞ்சு, மக்கள் நாவில் வாழும் மொழி கிரியோல்.

வரைபடத்தில் நோக்கினால் இத்தீவு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். இரு சிறகுகளுக்கும் இடையே 'உப்பாறு' என்னும் பொருள்படும் ரிவியேர் சலே என்ற குறுகிய கடற்கால் ஓடுகிறது. பாலங்கள் இரண்டையும் இணைக்கின்றன. கீழைச்சிறகு கிராந்த்-தேர், மேலைச்சிறகு பாஸ்-தேர். இப்பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. 'பெருநிலம்' எனப் பொருள்படும் கிராந்த்-தேர்தான் இரண்டில் சிறியது. 'தாழ்நிலம்' எனப் பொருள்படும் பாஸ்-தேரில்தான் 1467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. காற்று மறைவான பக்கத்தைத் 'தாழ்ந்தது' என்று மாலுமிகள் வழங்கியதே இப்பெயருக்குக் காரணம் என்பர். மிதிவண்டியில் செல்வோர் பெயரை நம்பி ஏமாறாதிருத்தல் வேண்டும். கால்கள் உண்மையை உடனே உணர்த்திவிடும்.

மிதிவண்டி இத்தீவுக்குப் புதிதன்று. 1948 முதல் நடந்துவரும் 'குவாதலூப் சுற்று' என்னும் மிதிவண்டிப் போட்டி இங்கு ஒரு திருவிழாவுக்கு நிகரானது. ஆகவே சுமை கட்டிய மிதிவண்டியில் வரும் அயலாரை இவ்வூர் மக்கள் வியப்பாக நோக்குவதில்லை. உரிமையோடு கையசைத்து ஊக்குவிப்பர்.

காலமும் காற்றும்

ஆண்டை இரு பருவங்களாகப் பகுக்கலாம். டிசம்பர் முதல் மே வரை உலர் காலம். ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். பின்னதே சூறாவளிக் காலமுமாகும். 1989 செப்டம்பரில் வீசிய 'ஹியூகோ' இத்தீவைச் சிதைத்ததை முதியோர் இன்றும் மறக்கவில்லை. எனவே சனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களே மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்றவை.

காற்றைப் பற்றி அறியாது புறப்படுவோர் துன்புறுவர். வாணிகக்காற்று எனப்படும் கீழைக்காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். கிழக்கு நோக்கிச் செல்லும் வழி எதிர்காற்று வழி. மேற்கு நோக்கித் திரும்பும் வழி பின்காற்று வழி. காலையில் காற்றின் வேகம் குறைந்திருக்கும், நண்பகலில் மிகும். ஆதலால் பஜ்ருத் தொழுகை முடித்து, விடியலொளி பரவியதும் வண்டியில் ஏறி, கிழக்குத் திசைப் பயணத்தை முற்பகலுக்குள் முடித்துக்கொள்வதே அறிவுடைமை. மாலை ஆறு மணியளவில் இருள் சட்டெனக் கவியும். வளைந்து செல்லும் சாலைகளில் இருளில் ஓட்டுவது பேரிடருக்கு வழியாகும். மேலும், இங்கு வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. இடப்புறம் சென்று பழகிய நமக்கு முதல் நாள் முழுக் கவனம் தேவை.

வண்டியும் சுமையும்

விலையுயர்ந்த பந்தய வண்டி தேவையில்லை. உறுதியான சட்டம், சற்றே அகன்ற டயர்கள், மேட்டில் ஏறுதற்கு ஏற்ற தாழ்ந்த கியர்கள், நல்ல பிரேக்கு: இவை போதும். பாஸ்-தேரின் சரிவுகளில் பிரேக்குக் கட்டைகள் விரைவில் தேயுமாகையால் மாற்றுக் கட்டைகள் ஓர் இணை எடுத்துச் செல்லல் வேண்டும். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு, சங்கிலி திருத்தும் கருவி, எண்ணெய் ஆகியன இன்றியமையாதவை. மலைப்பகுதியில் முன்னறிவிப்பின்றி மழை கொட்டும் என்பதால் உடைகளையும் கடவுச்சீட்டையும் நீர்புகாப் பைகளில் வைத்தல் நலம்.

சுமை மிகுந்தால் பயணம் கெடும். மாற்றுடை இரண்டு, மெல்லிய போர்வை, கொசுவலை, ஒரு சிறு சமையற்கலம், மூன்று நீர்ப்புட்டிகள், தொழுகை விரிப்பு: இவற்றுக்கு மேல் வேண்டியவை சிலவே. குழாய்நீர் சில வட்டாரங்களில் அடிக்கடி நின்றுபோவது இத்தீவின் நெடுநாள் குறை. எனவே கிடைக்கும் இடத்தில் புட்டிகளை நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

செலவைச் சுருக்கும் முறை

இத்தீவு மலிவான இடம் அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உண்பொருள், உடைபொருள் ஆகியவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து பிரான்சிலிருந்து வருகிறது. தொலைவும் வரியும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகின்றன. இவ்விலையேற்றத்தை எதிர்த்தே 2009-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மக்கள் 44 நாட்கள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். ஆகவே சிக்கனமாகச் செல்வோர், இறக்குமதிப் பொருள்களை விடுத்து மண்ணில் விளைந்தவற்றை நாடுதல் வேண்டும். காலைச் சந்தையில் வாழைப்பழம், மாம்பழம், ஈரப்பலா, சருக்கரைவள்ளி முதலியன கிடைக்கும். கடற்கரையில் அன்று பிடித்த மீன் கிடைக்கும். 'பொக்கி' என்பது எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து உள்ளே மீனோ முட்டையோ வைத்துத் தருவது. சாலையோரக் கடைகளில் சில யூரோக்களுக்கு ஒரு வேளைப் பசியை ஆற்றிவிடும். 'அக்ரா' என்னும் கருவாட்டு வடை அங்குள்ளார் விரும்பி உண்பது. 'பூதேன்' என்பது பன்றிக் குருதியால் ஆவது. நம்மவர் பெயரை நினைவில் வைத்து விலக்க வேண்டும். ஐயம் எழும்போது மீனும் காய்கறியுமே துணை.

தங்குவதற்குப் பெரிய விடுதிகளை நாட வேண்டியதில்லை. 'ஜீத்' எனப்படும் வீட்டு விடுதிகள் ஊர்தோறும் உண்டு. அவற்றில் அடுப்படி இருக்கும். இருவர் மூவராகச் சேர்ந்து சென்றால் வாடகை பகிர்ந்துவிடும். உண்மையில் பெருஞ்செலவு வானூர்திக் கட்டணமே. பாரிசிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணம். வண்டியைப் பெட்டியில் கட்டி உடன் கொண்டுசெல்லும் கட்டணத்தையும், அங்கே வாடகைக்கு எடுக்கும் கட்டணத்தையும் ஒப்பிட்டு முடிவுசெய்ய வேண்டும். ஒன்றை மறத்தலாகாது: இத்தீவு பிரான்சுக்கு உரியதாயினும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. கடல் கடந்த மாவட்டங்களுக்குச் செல்லத்தக்க விசாவைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும். இதனை அறியாமல் பயணச்சீட்டு வாங்குவோர் பொருளிழப்பர்.

கரும்புச் சமவெளி

பயணத்தைக் கிராந்த்-தேரில் தொடங்குவது நல்லது. சுண்ணாம்புப் பாறையால் ஆன இப்பகுதி பெரும்பாலும் தாழ்ந்த சமவெளி. கால்கள் பழகுவதற்கு ஏற்றது. பெருநகரான புவாந்த்-அ-பித்ரில் பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் அடிமை வரலாற்று நினைவகம் ஒன்று எழுப்பப்பட்டது. அங்கிருந்து தென்கடற்கரை வழியே சேன்-பிரான்சுவா வரை சுமார் 40 கிலோமீட்டர். இது எதிர்காற்று வழி. ஒரு நாளுக்கு இதுவே போதும். மறுநாள் அதிகாலையில் கிழக்கு முனையான புவாந்த் தெ ஷாத்தோ என்னும் பாறைமுனைக்குச் சென்று வரலாம். அட்லாண்டிக் பேரலைகள் அங்கே பாறையில் மோதிச் சிதறும் காட்சி காணத்தக்கது.

பின்னர் லெ மூல் என்னும் ஊர். அதன் அருகேதான் தலைத்தீவின் கடைசிச் சர்க்கரை ஆலை உள்ளது. பிப்ரவரி தொடங்கிக் கரும்பு வெட்டும் காலமாகையால் கரும்பேற்றிய பாரவண்டிகள் சாலையை அடைத்துச் செல்லும். ஒதுங்கி வழிவிடுதலே தகும். மேற்கே திரும்பினால் பெத்தி-கனால். இங்குக் கடற்கரையிலிருந்து தேவாலயம் வரை எழும் கற்படிகள் அடிமைகளின் நினைவாகப் போற்றப்படுகின்றன. மோர்ன்-அ-லோவில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போலப் பதிக்கப்பட்ட கல்லறைகள் ஒரு குன்றையே மூடிநிற்கின்றன. இவையெல்லாம் மகிழுந்தில் செல்வோர் கண்ணாடி வழியே கண்டு கடப்பவை. மிதிவண்டியில் செல்வோர் இறங்கி நிற்பர். நின்றால் யாரேனும் வந்து பேசுவர்.

கடற்கரை மரநிழலில் ஓய்வெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 'மன்சனிலியே' என்னும் மரம் சிறு ஆப்பிள் போன்ற காய்களைத் தாங்கி அழகாக நிற்கும். அதன் காயும் பாலும் கொடிய நஞ்சு. மழை பெய்யும்போது அதனடியில் ஒதுங்கினால் இலைவழி வடியும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல இடங்களில் அடிமரத்தில் செந்நிறப் பட்டை தீட்டி அடையாளம் காட்டியிருப்பர்.

மலைநாடு

பாலம் கடந்து பாஸ்-தேரில் நுழைந்தால் உலகமே மாறிவிடும். 1989-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட மழைக்காடு நடுவே எழுகிறது. காட்டை ஊடறுத்து மேலைக் கடற்கரைக்குச் செல்லும் 'திராவெர்சே' சாலை, மாமெல் கணவாயில் ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏறும். கடல்மட்டத்திலிருந்து தொடங்கும் ஏற்றம் என்பதால் பொறுமையோடு மிதிக்க வேண்டும். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவதில் இழுக்கொன்றும் இல்லை. வழியில் ஓர் அருவியும் உண்டு. மேலைக் கடற்கரைச் சாலையோ ஓயாது ஏறி இறங்குவது. தொலைவு குறைவாயினும் களைப்பு மிகும்.

தெற்கே சூஃப்ரியேர் எரிமலை. 1976-இல் அது குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அதன் சரிவிலுள்ள மதூபாவில்தான் 1802 மே 28-ஆம் நாள், அடிமைமுறையை மீட்டுக் கொணர வந்த நெப்போலியனின் படைக்குப் பணியாமல், தெல்கிரேசும் அவர்தம் வீரரும் வெடிமருந்தைக் கொளுத்தித் தம்முயிர் ஈந்தனர். அடிமைமுறை மறுபடியும் நிலைநாட்டப்பட்டு 1848 வரை நீடித்தது.

இத்தென்பகுதி வாழைத் தோட்டங்கள் நிறைந்தது. வாழையைத் தாக்கும் வண்டை ஒழிக்க 1993 வரை தெளிக்கப்பட்ட குளோர்தெகோன் என்னும் நஞ்சு இம்மண்ணில் இன்றும் தங்கியுள்ளது. ஆதலின் இங்குள்ள ஆற்று மீனையும் நண்டையும் தவிர்த்தல் வேண்டும். கிழங்கு வாங்கும்போது விளைந்த இடத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

வழியில் எதிர்ப்படும் தமிழ்

1848-இல் அடிமைத்தளை நீங்கியதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாயிற்று. தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரைப் புவாந்த்-அ-பித்ரில் இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகுதி. ஒப்பந்தம் ஐந்தாண்டு, முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பல் வசதி உண்டு என்பது சொல். திரும்பியவர் ஒரு சிறு பகுதியினரே.

ஆகவே கப்பெஸ்தேரிலோ சேன்-பிரான்சுவாவிலோ வண்டியை நிறுத்தும் தமிழர், கடைப்பலகையில் 'முத்துசாமி', 'ராமசாமி', 'வீரப்பன்' என்னும் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் காணலாம். 1863-இல் கப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வழியினருக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் வேண்டி 1904-இல் தொடங்கிய வழக்கை 1923-இல் வெற்றி காணும் வரை விடாது நடத்தினார். இன்று அவர் தீவின் பெருமக்களுள் ஒருவர். உணவகத்தில் 'கொலொம்போ' என்று எழுதியிருப்பது இலங்கைத் தலைநகரைக் குறிப்பதன்று. மல்லியும் சீரகமும் மஞ்சளும் மணக்கும் அது நம் 'குழம்பு' என்பதே அறிஞர் பலர் கருத்து. தீவுப் பெண்கள் விழா நாளில் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயர் 'மதராஸ்'.

ஆயினும் மொழி போயிற்று. மாரியம்மன் 'மாலியெமேன்' ஆகிவிட்டாள். வழிபாட்டுப் பாடல்களை உரோம எழுத்தில் ஏட்டில் எழுதிவைத்து, பொருள் விளங்காமலே பாடுவோர் உளர். ஒலி எஞ்சியது, பொருள் அகன்றது. தமிழ்த்துறை மலரில் இதனைக் குறிக்காது விடல் இயலாது. மொழியை அவர்கள் வெறுத்துத் துறக்கவில்லை. பள்ளியில் அதற்கு இடமில்லை, அலுவலகத்தில் பயனில்லை, தோட்டத்தில் அது ஏளனத்துக்கு உள்ளாயிற்று. மூன்று தலைமுறைக்குள் வீட்டிலும் அது ஓய்ந்தது.

நாகூர்க் கொடி

இத்தீவைத் தேர்ந்தமைக்குரிய காரணத்தை இனிக் கூறலாம். இங்குள்ள தமிழ்வழியினரின் கோயில் முற்றங்களில் கப்பற் பாய்மரம் போன்ற நெடுங்கம்பம் நட்டுக் கொடியேற்றும் வழக்கம் காணப்படுகிறது. அக்கொடி யாருக்குரியது என வினவினால் 'நகூர்மிரா' என்பர். நாகூர் மீரான் என்று நம் முன்னோர் அழைத்த, பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது நாயகமே அவர்.

காரைக்காலுக்குத் தெற்கே அண்மையில் இருப்பது நாகூர். அங்கிருந்து கப்பலேறியோர், இந்துவாயினும் முஸ்லிமாயினும், கடலில் மரக்கலம் காக்கும் மகான் என்று அப்பெயரை நெஞ்சில் ஏந்திச் சென்றனர். ஆப்பிரிக்கத் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் நீண்ட கடற்பயணம் அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் வணிகர் நாகூராருக்கு நினைவிடங்கள் எழுப்பினர். கையில் காசில்லாத கூலித் தமிழரோ ஒரு கம்பமும் ஒரு துணியும் கொண்டு அந்நினைவைக் காத்தனர். 1833 முதல் 1908 வரை வாழ்ந்த குலாம் காதிறு நாவலர் 'நாகூர்ப் புராணம்' பாடிய அதே காலப்பகுதியில், எழுத்தறியாத அவர்கள் அப்பெயரை உலகின் மறுகோடியில் நட்டுவைத்தனர்.

இத்தகைய வழிபாட்டு முறைகள் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆராய்வது இங்கு நோக்கமன்று. இங்கே எண்ணத்தக்கது வேறு. அம்மக்களிற் பெரும்பாலோர் இந்துக்கள். பின்னர்க் கிறித்தவமும் தழுவியோர். அச்சமும் இருளும் சூழ்ந்த கப்பலடியில் 'நம்மூர்ப் பெரியவர்' என்று ஒரு முஸ்லிம் மகானை அவர்கள் அழைத்தபோது, அழைத்த நாவும் அழைக்கப்பட்ட பெயரும் வேறுவேறு சமயத்தவை என்று ஒருவரும் கருதவில்லை. மொழியையே இழந்தவர் அவ்வொற்றுமையை இழக்கவில்லை.

நிறைவுரை

குவாதலூப்பை மகிழுந்தில் இரண்டே நாட்களில் சுற்றிவிடலாம். மிதிவண்டியில் பத்து நாட்களேனும் ஆகும். அந்த எட்டு நாள் வேறுபாட்டில்தான் பெயர்ப்பலகையும் கொடிக்கம்பமும் குழம்பின் மணமும் அடங்கியுள்ளன. மெல்லச் செல்வோனுக்கே ஊர் தன்னைக் காட்டும்.

பயணம் செல்வர்க்கே உரியதா என்று வினவிய மாணவருக்கு விடை இதுவே: செலவை அடக்கலாம், சுமையைக் குறைக்கலாம், பல ஆண்டு சிறுகச் சேர்த்துக் கட்டணத்தைத் திரட்டலாம். ஆனால் காணவேண்டியது எது என்னும் அறிவைப் பொருள் கொடுத்து வாங்க இயலாது. அதனை வகுப்பறையிலும் நூலகத்திலும் இப்போதே தேடிக்கொள்ளுதல் வேண்டும். நாகூரையும் காரைக்காலையும் இன்னும் காணாதவர், விடுமுறையில் தம் மிதிவண்டியைத் துடைத்து எண்ணெயிட்டு, முதலில் அங்கே சென்று வருக. குவாதலூப்புக்குச் செல்லும் வழி அங்கிருந்தே தொடங்குகிறது.